மண்டபம் கைதட்டும், ஊர் ஓட்டுப் போடாது

கேள்வி: பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி 2024 தேர்தலில் படுதோல்வி கண்டது. ஆட்சி போகும்போதெல்லாம் அந்தக் கட்சி ஒரு நல்ல தலைவருக்காக ஏன் இவ்வளவு திண்டாடுகிறது? அத்தனை பெரிய கட்சியில் மக்களைக் கவரும் பேச்சாளர் ஒருவர்கூடவா இல்லை?
(விருதுநகர் வாசகர்)

பதில்: பேச்சாளரா? அந்த ஆசையை முதலில் விடுங்கள். நன்றாகப் பேசுகிறவர்தான் நல்ல தலைவர் என்ற நம்பிக்கையை எதிர்த்து இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். அதற்காக என்னைத் திட்டி வரும் கடிதங்களும் குறைந்தபாடில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்லப்போகிறேன். சாட்சி, வில்லியம் ஹேக்.

1977, பிளாக்பூல் நகரில் கட்சி மாநாடு. அப்போதைய கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் இருக்கும் சபையில் 16 வயதுப் பள்ளிக்கூடப் பையன் எழுந்து பேசுகிறான். இன்னும் 30, 40 வருஷத்தில் உங்களில் பாதிப் பேர் இருக்கமாட்டீர்கள் என்று பெரியவர்கள் நிறைந்த மண்டபத்தைப் பார்த்தே சொல்கிறான். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. அந்தப் பையன்தான் 1997-இல், கட்சி 165 இடங்களுக்குச் சுருண்டு கிடந்தபோது, 36 வயதில் தலைவரானார். புதன்கிழமை தோறும் நாடாளுமன்றத்தில் பிரதமர் கேள்வி நேரத்தில் லேபர் கட்சிப் பிரதமர் டோனி பிளேரை மடக்கினார். அவருடைய கிண்டலுக்கு எதிர்வரிசையே சிரித்தது. 2001 தேர்தலில் கிடைத்தது 166 இடங்கள். நாலு வருஷப் பேச்சுக்கு ஒரே ஒரு இடம் கூடுதல்!

ஊர் அவருடைய பேச்சை மறந்தது, தொப்பியை மறக்கவில்லை. தலைவரான புதிதில், இளைஞர்களைக் கவர வேண்டும் என்று யாரோ சொல்ல, தன் பெயர் போட்ட பேஸ்பால் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனார். அப்புறம் நாட்டிங் ஹில் திருவிழாவில் தேங்காயைக் கையில் வைத்து உறிஞ்சும் படம். 2000-இல், இளவயதில் ஒரு நாளைக்கு 14 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) பீர் குடித்திருக்கிறேன் என்று பத்திரிகைப் பேட்டி. நன்றாகப் படித்த, நாலும் தெரிந்த மனிதரை அவருடைய இயல்பில் இருக்கவிடாமல் அலைக்கழித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜெயிக்கக்கூடிய ஆள் கட்சியில் இல்லாமலா போனார்? இருந்தார். கென் கிளார்க், முன்னாள் நிதியமைச்சர். பொதுமக்களிடம் நல்ல பெயர். 1997 தலைவர் தேர்தலில் கட்சி எம்.பி.க்கள் ஓட்டுப் போட்ட முதல் இரண்டு சுற்றிலும் முன்னிலை அவருக்குத்தான். மூன்றாம் சுற்றில் ஹேக் 92, கிளார்க் 70. ஐரோப்பிய ஒன்றியத்தை ஆதரிக்கிறவர், யூரோ நாணயத்தை விரும்புகிறவர் என்பது அவர்மீது இருந்த குற்றச்சாட்டு. 2001-இல் மறுபடி நின்றார். எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் கிளார்க் 59, இயன் டங்கன் ஸ்மித் 54, மைக்கேல் போர்ட்டிலோ 53. ஒரே ஓட்டில் போர்ட்டிலோ வெளியே போனார். மீதி இருவரில் கட்சியின் சாதாரண உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தது, அமைச்சர் பதவியே வகித்திராத டங்கன் ஸ்மித்தை. அவருக்கு 1,55,933 ஓட்டு, கிளார்க்குக்கு 1,00,864. 2005-இலும் கிளார்க் நின்றார், முதல் சுற்றிலேயே கடைசியாக வந்து வெளியேறினார்.

உறுப்பினர்களை நான் முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். ஐரோப்பா விஷயத்தில் தங்கள் கொள்கைக்கு நேரெதிரானவரைத் தலையில் வைத்துக் கொண்டாட எந்தக் கட்சிக்காரனுக்கும் மனசு வராது. கோளாறு விதியில் இருக்கிறது. அந்த விதியும் ஹேக் காலத்தில், 1998-இல் வந்ததுதான்: எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டு இருவரை மட்டும் நிறுத்த வேண்டும், அந்த இருவரில் ஒருவரைச் சந்தா கட்டும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் தலைவரை இறக்கும் அதிகாரம் எம்.பி.க்களிடமே இருக்கும். பெண் பார்த்து முடிப்பது ஒரு வீட்டார், சேர்ந்து குடித்தனம் நடத்துவது வேறொரு வீட்டார் என்றால் அது எப்படி நிலைக்கும்?

நிலைக்கவில்லை. 2003 அக்டோபரில் அதே பிளாக்பூலில் டங்கன் ஸ்மித் பேசினார். அமைதியான மனிதன் குரலை உயர்த்துகிறான் என்று முழங்கினார். மண்டபம் எழுந்து எழுந்து கைதட்டியது. மூன்றே வாரத்தில், 90-க்கு 75 என்று எம்.பி.க்கள் அவரை இறக்கிவிட்டார்கள். 2001-இல் 166 எம்.பி.க்களில் அவர்தான் வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்கள் 54 பேர்தானே? மீதிப் பேருக்கு அவர் முதல் நாளிலிருந்தே வேண்டாத விருந்தாளி. அடுத்து வந்த மைக்கேல் ஹோவர்ட், தேர்வுரிமையை எம்.பி.க்களிடமே திருப்பித்தர 2005-இல் முயன்றார். தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை.

டேவிட் கேமரன் பேசித்தானே ஜெயித்தார் என்று கேட்பீர்கள். 2005-இல், மறுபடியும் பிளாக்பூலில், கையில் குறிப்பில்லாமல் பேசித் தலைமைப் போட்டியின் போக்கையே மாற்றினார், உண்மை. ஆனால் இரண்டாம் சுற்றில் 198 எம்.பி.க்களில் 90 பேர் அவர் பக்கம் இருந்தார்கள். உறுப்பினர்களும் இரண்டு மடங்குக்கு மேல் அள்ளிக் கொடுத்தார்கள். இரண்டு தரப்புக்கும் வேண்டியவராக இருந்ததால்தான் அவர் நாலரை வருஷம் தாக்குப்பிடித்து 2010 தேர்தலைச் சந்திக்க முடிந்தது. அப்போதும் 306 இடங்கள்தான், பெரும்பான்மைக்கு 20 குறைவு. லிபரல் டெமாக்ரட் கட்சியைச் சேர்த்துக்கொண்டுதான் ஆட்சி அமைத்தார்.

இனி 2024. கட்சிக்கு 121 இடங்கள். அக்டோபர் 8-இல் எம்.பி.க்கள் ஓட்டெடுப்பில் ஜேம்ஸ் கிளெவர்லி 39 வாங்கி முதலிடம். மறுநாள் அதே ஆட்கள் ஓட்டுப் போட்டார்கள்: கெமி பேடனாக் 42, ராபர்ட் ஜென்ரிக் 41, கிளெவர்லி 37. ஒரே ராத்திரியில் முதலிடம் மூன்றாமிடமாகிவிட்டது. ரகசிய ஓட்டு என்பதால் யார் எங்கே தாவினார்கள் என்று யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. தனக்குப் பிடித்தவர் கடைசிச் சுற்றில் சுலபமாக ஜெயிக்கட்டும் என்று எதிராளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் இந்தப் புத்திசாலித்தனத்தைப்போல் எனக்கு எரிச்சல் தருவது வேறில்லை. நாட்டின் பிரதமராக வரக்கூடியவரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற பொறுப்பு அதில் எங்கே இருக்கிறது?

ஓட்டுப் போட்ட உறுப்பினர்களும் சுருங்கிவிட்டார்கள். 2001-இல் இரண்டரை லட்சத்துக்கு மேல், 2024-இல் ஒரு லட்சம்கூட இல்லை. பேடனாக்குக்கு விழுந்தது 53,806, அதிலேயே தலைவராகிவிட்டார்.

அவர் சபையில் நன்றாகப் பேசுகிறார் என்று தயவுசெய்து எனக்கு அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அவரை முதலில் விரும்பினார்கள் என்று பாருங்கள். முதல் சுற்றில் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் 22 பேர்.