இன்சோல் போட்டால் பாதம் பலமாகுமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வயது 41. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நின்றபடிதான் வேலை. நான்கு மாதமாகக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் ஆணி குத்துவதுபோல் வலிக்கிறது. பத்துப் பதினைந்து அடி நடந்ததும் குறைகிறது, கடை மூடும் நேரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் குதிகாலில் சின்னதாக எலும்பு வளர்ந்திருக்கிறது, பாதமும் தட்டை என்றார்கள். சர்க்கரை இல்லை. ‘பாதத் தசைகளைப் பலப்படுத்தும்’ என்று சொல்லி, ஷூவுக்குள் வைக்க, காந்தம் பதித்த இன்சோல் ஒன்றை ஆன்லைனில் 1,499 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா? என் 7 வயது மகளுக்கும் பாதம் தட்டையாகத்தான் இருக்கிறது. அவளுக்கும் சேர்த்து வாங்கிவிடட்டுமா?

பதில்: அந்த 1,499 ரூபாயைக் கையிலேயே வைத்திருங்கள். இன்சோலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உங்களுக்கு இப்போது ஒன்று உதவும். ஆனால் காந்தம் வைத்தது வேண்டாம், பாதம் பலமாகும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம்.

காந்தத்தை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்காவில் உங்களைப் போலவே குதிகால் வலி உள்ள 101 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதிப் பேருக்கு நிஜக் காந்தம், மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோல் இருக்கும் காந்தமில்லாத இன்சோல். 8 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வலி ஒரே அளவுதான் குறைந்திருந்தது. 2003-இல் வந்த முடிவு இது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் விளம்பரம் மட்டும் ஓயவில்லை.

உங்களுக்கு இருப்பதை ஊரில் குதிகால் வாதம் என்பார்கள், மருத்துவர் சீட்டில் பிளான்டார் ஃபேசியைடிஸ் என்று இருக்கும். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடி வரைக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. இரவெல்லாம் சும்மா கிடந்த அந்தப் பட்டையை, காலையில் முதல் அடி வெடுக்கென்று இழுக்கிறது. அதுதான் அந்த ஆணிக்குத்து. எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு வளர்ச்சியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அது இருக்கிறது.

சரி, இன்சோல் என்ன செய்கிறது? குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கம்பை முட்டுக் கொடுக்கிறோம் இல்லையா, அதைத்தான். கம்பு நிற்கும் வரை மரம் சாயாது. அதற்காகத் தண்டு பருத்துவிடாது. உள்ளங்காலில் நான்கு அடுக்காகச் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. 26 எலும்பும் சேர்ந்து உண்டாக்கும் வளைவை, நீங்கள் நிற்கும்போதும் நடக்கும்போதும் விழாமல் பிடிப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அடியில் இன்சோல் வளைவைத் தாங்கிக்கொண்டால் அந்தத் தசைகளுக்கு வேலை குறைகிறது. வேலை குறைந்த தசை பலமாகாது.

2020-இல் கனடாவில் நடந்த ஒரு சின்ன ஆய்வு ஞாபகம் வருகிறது. வலி எதுவும் இல்லாத இளைஞர்களுக்குக் காலுக்கென்றே அளவெடுத்துச் செய்த இன்சோலைக் கொடுத்து 12 வாரம் போடச் சொன்னார்கள். முடிவில் உள்ளங்காலின் சில தசைகள் சுமார் 10 முதல் 17 சதவீதம் வரை சிறுத்திருந்தன. ஆய்வில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், இதை வைத்து இன்சோலே ஆகாது என்று முடிவு கட்டக் கூடாது. ஏனென்றால் கொரியாவில் 2011-இல் தட்டைப் பாதம் உள்ள 28 பேரை வைத்துச் செய்த இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஒரு குழுவுக்கு இன்சோல் மட்டும், மற்றதுக்கு இன்சோலோடு ஒரு பாதப் பயிற்சியும். 8 வாரத்தில் பயிற்சியும் செய்தவர்களுக்குத்தான் பெருவிரல் பக்கத் தசை நன்றாகப் பருத்தது. இன்சோலையும் பயிற்சியையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், ஒன்று மற்றதைக் கெடுக்காது என்பதை நான் இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வதும் அதையேதான்: வலியைக் கொஞ்சம் அடக்க இன்சோல், அடங்கிய வலியோடு பயிற்சி.

எதை வாங்குவது? அளவெடுத்துச் செய்து தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் இப்போது போக வேண்டாம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் குதிகால் வலிக்காரர்கள் 135 பேருக்கு அளவெடுத்துச் செய்தது, கடையில் கிடைக்கும் கெட்டியானது, ஒப்புக்கு ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் 3 மாதத்தில் முதலிரண்டும் நடமாட்டத்துக்குக் கொஞ்சம் உதவின, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 12 மாதம் ஆனபோது ஸ்பாஞ்ச் போட்டவர்களும் மற்றவர்களும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள். அதனால் சில நூறு ரூபாயில், ஆர்ச் சப்போர்ட் (பாத வளைவைத் தாங்கும் மேடு) உள்ள ஒன்று போதும்.

கடையில் அதைக் கையில் வாங்கி, வளைவு இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பஞ்சுபோல் அடிவரை அமுங்கினால் அது சுகத்துக்கு மட்டும்தான், தாங்காது. கல் மாதிரி அசையாமல் இருந்தாலும் வேண்டாம். கொஞ்சம் அமுங்கி எதிர்த்து நிற்க வேண்டும். மேடு உங்கள் வளைவுக்கு நேராக வருகிறதா என்றும் வைத்துப் பாருங்கள். பலருக்கு அது முன்னால் தள்ளிப் போய் உள்ளங்கால் நடுவில் கட்டிபோல் உறுத்தும்.

அதைவிட முக்கியம், அதை எந்த ஷூவுக்குள் வைக்கப் போகிறீர்கள் என்பது. ஜவுளிக்கடைப் பெண்கள் நிறையப் பேர் கட் ஷூதான் போட்டு வருகிறார்கள். ஆழமே இல்லாத அதற்குள் முழு இன்சோலைத் திணித்தால் குதிகால் மேலே எழும்பி, நடக்கும்போதெல்லாம் கழன்று வரும். உங்களுடையது அப்படி என்றால் விரல் பகுதி இல்லாத முக்கால் நீள இன்சோலாகக் கேளுங்கள். புது ஷூ வாங்க முடிந்தால் சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய், இன்சோலையும் உள்ளே போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஷூவின் குதிகால் பகுதியை இரண்டு விரலால் பிதுக்கினால் மடங்கக் கூடாது. இரண்டு கையால் வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும். நடுவில் சப்பாத்திபோல் மடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஷூவோடு வந்த பழைய சோல் கையோடு வருமானால் அதை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். அதையே மேலே வைத்துக் கோடு போட்டு, புதியதின் முன்பக்கத்தை வெட்டிக்கொள்ளலாம். வலி ஒரு காலில்தான் என்றாலும் இரண்டிலும் போடுங்கள்.

முதல் நாளே பத்து மணி நேரம் போட வேண்டாம். முதல் நாள் ஒரு மணி, அடுத்தடுத்து அரை மணி ஒரு மணியாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு நேரத்துக்கு வாருங்கள். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லும் நானே, சொந்தக் காலுக்கு வாங்கியபோது புதுச் சட்டை போடும் ஆசையில் காலையிலிருந்து இரவு வரை போட்டுத் திரிந்தேன். அன்று ராத்திரி வளைவில் கொப்புளம், முழங்காலிலும் பிடிப்பு.

வீட்டுக்குள் செருப்புப் போடாதவர்தானே நீங்களும்? இந்த மாதங்களில் மட்டும் விதிவிலக்கு. வீட்டுக்குள் போட மட்டும் ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். முதல் அடி டைல்ஸில் வெறும் காலோடு விழ வேண்டாம். அதற்கு முன் உட்கார்ந்தபடியே வலது காலை இடது தொடை மேல் போட்டு, கையால் விரல்களை முழங்காலை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். மற்ற கை விரலால் தொட்டால் உள்ளங்காலில் ஒரு கயிறு விறைத்து நிற்பது தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்து, விட்டு, பத்து முறை.

இனி, பாதத்தை உண்மையிலேயே பலமாக்கும் வேலை. முதல் பயிற்சி, அந்தக் கொரிய ஆய்வில் கொடுத்ததுதான். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வையுங்கள். குதிகால், பெருவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு மூன்றும் தரையைத் தொட்டபடி இருக்கட்டும். இப்போது விரலை மடக்காமல், பெருவிரலின் அடிமேட்டைக் குதிகாலை நோக்கி இழுக்க முயலுங்கள். பாதம் ஒரு துளி குட்டையாகி வளைவு மேலே எழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஆள்காட்டி விரலை வளைவுக்குக் கீழே, குதிகாலை ஒட்டி வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு தசை கெட்டிப்படுவது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். முதல் வாரம் எல்லோரும் செய்யும் தப்பு, பருந்து நகம்போல் விரல்களைத் தரையில் ஊன்றுவது. கணுக்காலுக்கு முன்னால் நரம்பு புடைத்துக்கொண்டு நின்றாலும் தப்புதான், முன்காலைத் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம். 5 நொடி பிடித்து விடுங்கள், 10 முறை, காலையும் மாலையும். பழகியதும் நின்றபடி, அப்புறம் ஒற்றைக் காலில். பில் போடும் இடத்தில் வாடிக்கையாளர் பணம் எண்ணும் நேரத்திலேயே இரண்டு செய்துவிடலாம்.

இரண்டாவது பயிற்சிதான் குதிகால் வலிக்கு நேரடி மருந்து. டென்மார்க்கில் 2014-இல் சோதித்த முறை. ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் ஏறி மடங்கி நிற்கும்படி முன்பாதத்தை ஊன்றுங்கள். குதிகால் வெளியே தொங்கட்டும். சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொண்டு 3 நொடியில் மேலே எழும்பி, 2 நொடி நின்று, 3 நொடியில் இறங்குங்கள். இரண்டு காலில் தொடங்கி, தாங்கும்போது ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். பன்னிரண்டுக்கு மேல் முடியாது என்ற அளவுக்குக் கடினமாக, 3 சுற்று. அது எளிதானால் முதுகுப் பையில் புத்தகங்களைப் போட்டு எடை கூட்டுங்கள். தினமும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அந்த ஆய்வில் 3 மாதத்தில் இப்படி எழும்பி இறங்கியவர்கள், வெறுமனே நீட்டி மடக்கியவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். இரண்டு குழுவுமே ஷூவுக்குள் குதிகால் பேட் போட்டிருந்தது என்பதையும் கவனியுங்கள். செய்யும்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஒற்றைக் காலில் ஒரு முறைகூட எழும்பவே முடியவில்லை, அல்லது இரண்டு கால் விரல்களில் நிற்கும்போதும் வளைவு கொஞ்சமும் தோன்றவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கணுக்காலின் உட்பக்க வீக்கம், இரவில் படுத்திருக்கும்போதும் விடாத வலி, மரத்துப்போதல் இருந்தாலும் அப்படியே.

மரத்துப்போதல் என்றதும் இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பதில் உங்களுக்கானது இல்லை. உணர்வு குறைந்த பாதத்துக்கு அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரப்புவதற்குத்தான் இன்சோல். நம்மூரில் எல்லோரும் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பின் கதையும் அதுதான், வேலூர்ப் பக்கம் தொழுநோயால் உணர்விழந்த கால்களைப் புண்ணிலிருந்து காப்பாற்றப் புழக்கத்துக்கு வந்தது. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்வு தெரிகிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளாமல் எதையும் ஷூவுக்குள் வைக்காதீர்கள், வெறுங்காலோடும் நடக்காதீர்கள்.

திரும்பவும் உங்களுக்கு. எந்த இன்சோலும் பத்து மணி நேர நிற்பை ஆறு மணி நேரமாக்காது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே ஆக்கியாயிற்று. உங்கள் தளத்தில் ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால் மதியம் கூட்டம் கலையும் நேரத்தில் கூச்சப்படாமல் உட்காருங்கள். இல்லையென்றால் நான்கைந்து பேராகச் சேர்ந்து மேலாளரிடம் கேளுங்கள். உட்கார முடியாத நேரத்தில் ஒரு காலைச் சின்ன மனைப்பலகை உயரத்துக்கு மாற்றி மாற்றி வைத்து நிற்பதும் உதவும்.

3 மாதம் கழித்து, காலை முதல் அடி வலிக்காமல் இரண்டு வாரம் தொடர்ந்து போனால் விடுமுறை நாளில் இன்சோல் இல்லாமல் இருந்து பாருங்கள். அப்புறம் வேலைநாளில் பாதி நேரம். வலி திரும்பினால் பழையபடி போட்டுக்கொள்ளுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. குதிகால் வலி சிலருக்கு ஒரு வருஷம்கூட இழுக்கும். பயிற்சியை மட்டும் வாரம் இரண்டு நாளாவது விடாதீர்கள்.

மகளுக்கு எதுவும் வாங்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் பாதம் கொழுகொழுவென்று தட்டையாகத்தான் இருக்கும், பத்து வயது வரைக்கும்கூட வளைவு உருவாகிக்கொண்டே வரும். அவளை விரல் நுனியில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். வளைவு எழுந்தால், வலி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 1989-இல் வெளியான ஆய்வு ஒன்றில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 3 வருஷம் விசேஷ ஷூவும் இன்சோலும் போட்டும், ஒன்றும் போடாத பிள்ளைகளைவிட வளைவு கூடவில்லை. நம் பக்கத்து மாநிலத்திலேயே, மணிப்பால் மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் பாதத் தடத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஷூ, செருப்புப் போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 சதவீதம்தான். 1992-இல் வந்தது அது. ஆகவே வீட்டிலும் மண் தரையிலும் அவள் வெறுங்காலோடு விளையாடட்டும்.

வேண்டுமானால் நீங்கள் பயிற்சி செய்யும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து, மற்ற நான்கு விரலும் தரையில் இருக்கப் பெருவிரலை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வர ஒரு வாரம் ஆகலாம். என்னிடம் வரும் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைதான் முதலில் தூக்கிக் காட்டிவிட்டு அம்மாவின் காலைப் பார்த்துச் சிரிக்கும்.