‘கிராண்ட் பிரீ’ (1966): எந்த டிஸ்க்கை வாங்குவது, எப்படிப் போட்டுப் பார்ப்பது?

கேள்வி: ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கிய ‘கிராண்ட் பிரீ’ என்ற கார் பந்தயப் படத்தை வீட்டில் 55 அங்குல டிவியில் நல்ல தரத்தில் பார்க்க விரும்புகிறேன். டிவிடி, ஹெச்டி டிவிடி, ப்ளூ-ரே ஆகிய மூன்றும் இணையத்தில் பழைய டிஸ்க்குகளாக விற்பனைக்கு வருகின்றன. எதை வாங்கலாம்? நண்பரிடம் இரவல் வாங்கிய டிவிடியில் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தது. தொடக்கத்தில் சில நிமிடங்கள் வெறும் இசைதான் ஒலித்தது. நடுவில் கதை நின்று, மறுபடியும் இசை வந்தது. ஜப்பானிய நடிகரின் உதட்டசைவோடு குரல் ஒட்டவே இல்லை. டிஸ்க்கில் கோளாறா?

பதில்: ப்ளூ-ரேயை வாங்குங்கள். நீங்கள் குறிப்பிட்ட நான்கில் எதுவும் டிஸ்க்கின் கோளாறு அல்ல; நான்குமே படத்தோடு பிறந்தவை. அவற்றைக் குறையாக எண்ணி ரிமோட்டில் எதையாவது மாற்றினால்தான் படம் கெடும் என்பதால் முதலில் அவற்றை விளக்கிவிடுகிறேன்.

இந்தப் படம் சூப்பர் பனாவிஷன் 70 முறையில், 65 மி.மீ. நெகட்டிவில் எடுக்கப்பட்டு, 1966 டிசம்பரில் நியூயார்க்கில் சினிரமா திரையரங்கின் பிரம்மாண்டமான வளைந்த திரையில் வெளியானது. உயரத்தைப் போல 2.2 மடங்கு அகலம் கொண்ட சட்டகம் அது. இன்றைய டிவியின் அகலமோ உயரத்தைப் போல 1.78 மடங்குதான். ஆகவே படத்தின் முழு அகலத்தையும் காட்ட வேண்டுமானால் மேலும் கீழும் கொஞ்சம் இடம் காலியாகத்தான் இருக்கும். பட்டையை மறைப்பதற்காக ‘ஜூம்’ பொத்தானை அழுத்தினால் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெட்டுப்படும். மற்றப் படங்களில் இந்த இழப்பைச் சிலர் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் படத்தில் கூடவே கூடாது. தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மொனாக்கோ பந்தயம் தொடங்குவதற்கு முன் புகைபோக்கிக் குழாயின் இருண்ட வட்டம், முறுக்கப்படும் நட்டுகள், எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரின் துடிக்கும் முள் என்று, தொடக்கக் காட்சியை வடிவமைத்த சால் பாஸ் ஒவ்வொன்றாக நெருக்கத்தில் காட்டுகிறார். பிறகு ஒரே படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பெருக்கித் திரையின் ஓரம்வரை நிரப்புகிறார். ஜூம் செய்தால் ஓரத்துக் கட்டங்கள் அறுபட்டு, அந்த அமைப்பே சிதைந்துபோகும். டிவியின் அமைப்புகளில் ‘ஓவர்ஸ்கேன்’ என்று ஒன்று இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது யாரையும் கேட்காமல் நான்கு ஓரங்களையும் சற்று நறுக்கிவிடும்.

தொடக்கத்தில் வரும் இசை ‘ஓவர்சர்’ எனப்படுவது. முன்பதிவு செய்து பார்க்கும் பெரும் படங்களுக்கு அந்நாளில் இருந்த வழக்கம் அது. பார்வையாளர்கள் வந்து அமரும்வரை மோரிஸ் ஜார் அமைத்த இசை ஒலிக்கும். நடுவில் வந்தது இடைவேளையும், அது முடியும்போது ஒலிக்கும் இசையும். மூன்று மணி நேரத்தைத் தொடும் படத்துக்கு இடைவேளை எதற்கு என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தள்ளி ஓட்டாமல் அதே இடத்தில் எழுந்து போய்வாருங்கள்.

உதட்டசைவு ஒட்டாத நடிகர் தோஷிரோ மிஃபுனே. அவருடைய ஆங்கில வசனங்களுக்குப் பால் ஃப்ரீஸ் என்ற அமெரிக்கக் குரல் நடிகர் பின்னணிக் குரல் கொடுத்தார். ஒலியை முன்னே பின்னே நகர்த்தி இதைச் சரிசெய்ய முயன்றால் மற்ற எல்லோருடைய வசனமும் விலகிப்போகும்.

இனி டிஸ்க்குகளுக்கு வருவோம். வார்னர் நிறுவனம் 2006இல் இரண்டு டிஸ்க் கொண்ட சிறப்பு டிவிடியையும் அதே ஆண்டில் ஹெச்டி டிவிடியையும் வெளியிட்டது. ப்ளூ-ரே 2011இல் வந்தது. ஹெச்டி டிவிடியின் படமும் 1080 வரிகள் கொண்ட உயர்தரப் படம்தான். ஆனால் தோஷிபா 2008 பிப்ரவரியிலேயே அந்த வடிவத்தைக் கைவிட்டுவிட்டது, இன்று கடையில் கிடைக்கும் ப்ளூ-ரே பிளேயர் எதிலும் அது ஓடாது. வார்னரின் ஹெச்டி டிவிடிகள் காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே சிதைந்து படிக்க முடியாமல் போவதும் சேகரிப்பாளர்கள் நன்கறிந்த சிக்கல். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்காகவே சொல்லலாம். அமெரிக்க டிவிடியின் 480 வரிகளில் கறுப்புப் பட்டை போக உண்மையான படத்துக்குக் கிடைப்பவை சுமார் 388. ப்ளூ-ரேயின் 1080 வரிகளில் சுமார் 873 வரிகள் படத்துக்குக் கிடைக்கின்றன. அகலத்தையும் சேர்த்துப் பெருக்கினால் ப்ளூ-ரேயில் ஆறு மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. 65 மி.மீ. நெகட்டிவில் அடங்கியிருக்கும் நுணுக்கத்துக்கு டிவிடி என்பது மிகக் குறுகலான வாசல். கதாபாத்திரங்களுக்கு நடுவே அந்நாளைய உண்மையான ஓட்டுநர்கள் பலர் இந்தப் படத்தில் தோன்றுகிறார்கள்: கிரஹாம் ஹில், ஜிம் கிளார்க், புரூஸ் மெக்லாரன், யோகன் ரிண்ட், லொரென்சோ பாண்டினி. பாண்டினி மறு ஆண்டே மொனாக்கோ பந்தயத்தில் தீக்காயமுற்று இறந்தார். கிளார்க் 1968இலும், மெக்லாரனும் ரிண்ட்டும் 1970இலும் பந்தயக் காரிலேயே உயிரிழந்தார்கள். அவர்கள் இளமையோடும் உயிர்ப்போடும் நிற்கும் சில நொடிகளில் முகம் துலங்கித் தெரிய வேண்டும் என்பதே, என் மனத்தில், ப்ளூ-ரேக்குச் செலவிட எல்லாவற்றிலும் பெரிய காரணம்.

ஒரு மண்டலத்து டிஸ்க்கை வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடவிடாத மண்டலப் பூட்டு குறித்தும் கவனியுங்கள். டிவிடியில் அமெரிக்கா முதல் மண்டலம். இந்தியாவும் இலங்கையும் ஐந்தாம் மண்டலம். பூட்டு நீக்கப்படாத பிளேயரில் அமெரிக்க டிவிடி ஓடாது. இந்தப் படத்தின் அமெரிக்க ப்ளூ-ரேக்கு அந்தத் தடை இல்லை. ஆயினும் வாங்கும் முன் பின்னட்டையின் படத்தைக் கேட்டு வாங்கி, மண்டலக் குறியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. டிவிடியைத்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால் ஐரோப்பிய ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறை டிவிடியைத் தவிர்த்துவிடுங்கள். நொடிக்கு 24 சட்டகங்களாக எடுத்த படத்தை அதில் 25ஆக ஓட்டுவார்கள். படம் சுமார் ஏழு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். பொதுவாக எஞ்சின்களின் சுருதியும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். கேமராவை மெதுவாக ஓட்டிப் பிறகு வேகத்தைக் கூட்டிக் காட்டும் பழைய தந்திரத்தை ஃபிராங்கன்ஹைமர் ஏற்க மறுத்தவர். நடிகர்களைக் காரில் உட்கார வைத்து, காரின் மேலேயே கேமராவைப் பொருத்தி, முன்னாள் உலகச் சாம்பியன் பில் ஹில் ஓட்டிய ஃபோர்டு ஜிடி40 காரிலிருந்தும் படமெடுத்து, மெய்யான வேகத்தைக் கொண்டுவந்தவர். அந்தப் படத்தை வேகம் கூட்டிப் பார்ப்பது அவருடைய உழைப்பையே அழிப்பதாகும்.

இதே காரணத்தால் டிவியில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்றோ ‘ட்ரூமோஷன்’, ‘மோஷன்ஃப்ளோ’ என்றோ பெயரிட்டிருக்கும் வசதியைக் கட்டாயம் அணைக்க வேண்டும். இல்லாத சட்டகங்களை டிவி தானே கற்பனை செய்து இடையில் செருகுவதால், இத்தாலியின் மான்சா பந்தயத் தடத்தின் சாய்வான வளைவில் பாயும் கார்கள் வழுக்கிச் செல்வதுபோலத் தெரியும். சக்கரங்களின் ஓரத்தில் அலையலையாகக் கறைகளும் தோன்றும். பிளேயரில் 24 சட்டக வெளியீட்டை இயக்கி, டிவியில் ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ நிலையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஒலி, ஒலி விளைவுகள், படத்தொகுப்பு ஆகிய மூன்றுக்கும் இந்தப் படம் ஆஸ்கர் பெற்றது. நடிகர்கள் ஓட்டிய பல கார்கள் ஃபார்முலா 1 போல உருமாற்றப்பட்ட ஃபார்முலா 3 கார்கள் என்றாலும், காதில் விழுவது உண்மையான ஃபார்முலா 1 எஞ்சின்களின் உறுமல். டிவியின் சிறிய ஸ்பீக்கர் அதைத் தாங்காது. எளிய சவுண்ட்பாராவது வையுங்கள், ‘நைட் மோட்’ போன்ற ஒலி அடக்கும் வசதிகளை அணையுங்கள். முழு 5.1 அமைப்பு உள்ளவர்களுக்கு ஒரு சொல்: 70 மி.மீ. பிரதியின் ஆறு ஒலித்தடங்களில் ஐந்து திரைக்குப் பின்னாலும் ஒன்று மட்டுமே அரங்கைச் சுற்றியும் ஒலித்தன. எனவே பின்பக்க ஸ்பீக்கர்கள் அதிகம் பேசவில்லை என்று அமைப்பை மாற்ற வேண்டாம். தமிழ் வசன வரிகள் எந்தப் பதிப்பிலும் இல்லை; ஆங்கில வசன வரிகள் உண்டு.

பழைய டிஸ்க்கை எங்கே வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். 2006 முதல் 2008 வரை தயாரான சில டிவிடிகள் சிதைந்துவருவதை வார்னரே 2025இல் ஒப்புக்கொண்டது. இந்தப் படத்தின் டிவிடி அந்தக் காலத்தைச் சேர்ந்தது. மேற்பரப்பில் கீறல் இல்லாமலேயே பழுது உள்ளே இருக்கலாம். முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடிய டிஸ்க் பாதிக்கு மேல் திக்கித் திணறுவதும் உண்டு. ஆகவே இடைவேளைக்குப் பின் வரும் பந்தயங்களையும் கடைசி மான்சா காட்சியையும் கூடுதல் ஆவணப்படங்களையும் விடாமல் போட்டுப் பார்த்த பிறகே விற்றவருக்குச் சரி என்று சொல்லுங்கள்.