ஃப்ரெடி மெர்குரி: கேளுங்கள், சொல்கிறேன்

வடபழனியில் பாட்டுச் சொல்லித் தருகிறேன். குயீன் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி பற்றி வந்த கேள்விகள் இவை.

பெரம்பூர் வாசகி: அவர் இந்தியரா?

பார்சி. இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. 1946-ல் ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் பிறந்தார், மகாராஷ்டிராவில் உள்ள பஞ்சகனி விடுதிப் பள்ளியில் படித்தார். 1964-ல் குடும்பம் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

அடையாறு வாசகர்: குயீனின் 'போஹீமியன் ராப்சடி' பாட்டில் கேட்கும் அத்தனை குரலும் அவருடையதா?

இல்லை. நடுவில் வரும் ஓபரா (மேற்கத்திய இசைநாடக) பாணிப் பகுதியை ஃப்ரெடி, கிட்டார் வாசித்த பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூவரும் பாடினார்கள். உச்சியில் கீச்சென்று நிற்பது டிரம்ஸ் வாசித்த டெய்லரின் குரல். 1975-ல் 24 டிராக் டேப்தான், அதாவது 24 தனித்தனி ஒலித்தடங்கள் மட்டுமே. பாடியவற்றை ஒன்றாகச் சேர்த்து, காலியான இடத்தில் மறுபடி மறுபடி பாடியதில் டேப்பே தேய்ந்துபோனது. ஹெட்போனில் முதலில் ஒரு காதால் மட்டும் கேளுங்கள், அப்புறம் மறு காதால். குரல்களை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று புரியும்.

அண்ணா நகர் வாசகர்: மூன்றே பேர் என்றால் மேடையில் எப்படி?

அந்தப் பகுதிக்கு மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள், டேப் ஓடும். ராக் பகுதிக்குத் திரும்பி வருவார்கள்.

மறுபடியும் அடையாறு: அது ஏமாற்று இல்லையா?

நின்று வாயசைத்திருந்தால் ஏமாற்று. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாம்பரம் வாசகர்: கூடுதல் பற்களால்தான் அந்தக் குரலா?

நான்கு பற்கள் கூடுதல். எடுத்தால் குரல் மாறிவிடுமோ என்று அவர் பயந்தார். ஆனால் குரல் பிறப்பது தொண்டையில்.

வேளச்சேரி வாசகி: அந்தப் பற்கள்...

தாம்பரம் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குரோம்பேட்டை மாணவர்: அவரைப் போலக் கரகரப்பாகப் பாட என்ன பயிற்சி?

வேண்டாம் தம்பி. அவருக்கே குரல்நாணில் முடிச்சுகள் வந்தன. என்னிடம் படித்த ஒரு பையன் கல்லூரி விழாவில் அவர் மாதிரி கத்திப் பாடினான். மறுநாள் பேச வாயைத் திறந்தால் வெறும் காற்று. இரண்டு மாதம் சீட்டில் எழுதித்தான் பேசினான். உன் சுருதியில் பாடு.

மயிலாப்பூர் வாசகர்: பிரையன் மேயின் கிட்டார்?

கிட்டார்காரர்களைக் கேளுங்கள்.

திருவான்மியூர் வாசகி: கடைசிவரை பாடினாரா?

பாடினார். எய்ட்ஸ் நோயால் 1991 நவம்பர் 24 அன்று, 45 வயதில் இறந்தார். முந்தைய ஆண்டு 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பதிவின்போது நடக்கவே சிரமப்பட்டார். இவ்வளவு மேலே எட்ட முடியுமா என்று பிரையன் மே தயங்க, ஒரு மடக்கு வோட்கா குடித்துவிட்டுப் பாடி முடித்தாராம். வோட்காவைப் பின்பற்றாதீர்கள், தொண்டை வறண்டுவிடும். பாட்டைக் கேளுங்கள். எங்கேயும் குரல் தளரவில்லை.