பாட்டுக்கு நடுவே இருப்பது

அன்புள்ள அண்ணாச்சி,

வாப்பா மௌத்தாகி மூன்று மாதம் ஆகிறது. வீட்டை ஒதுக்கும்போது பரணில் அவருடைய வால்வு ரேடியோவும், பிஸ்கட் டின் நிறைய கேசட்டும் கிடைத்தன. எல்லாம் சிலோன் ரேடியோவிலிருந்து பிடித்தவை. “இந்தப் பாட்டெல்லாம் யூடியூப்பிலேயே இருக்கே, தூரப் போடுங்க” என்கிறான் மகன். எனக்கு மனம் வரவில்லை. வைத்திருப்பதில் பயன் உண்டா?

ஒரு வாசகர், குளச்சல்

அன்புள்ள நண்பருக்கு,

தூரப் போட்டுவிடாதீர்கள். பாட்டு கிடைக்கும் என்று மகன் சொல்வது சரிதான். பாட்டுக்கு முன்னும் பின்னும் அந்த நாடாவில் இருப்பது வேறெங்கும் கிடைக்காது.

1952இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானபின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. ஜனங்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புக்கு, அதாவது சிலோன் ரேடியோவுக்குத் திருப்பினார்கள். 1957இல் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டுக்கென்று விவித் பாரதியைத் தொடங்கியும் நம் கடற்கரையில் பலர் முள்ளைத் திரும்ப மாற்றவே இல்லை. அதற்குக் கடலும் ஒரு காரணம். மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு தரையை ஒட்டி வருவது; மண்ணைக் கடக்கும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் அதன்மேல் வெகுதூரம் வரும். சிலோன் ரேடியோ அறிவிப்பாளர்கள் மயில்வாகனமும் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் அடுத்த வீட்டிலிருந்து பேசுவதுபோல நமக்குக் கேட்டது அப்படித்தான். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அவர்கள் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பாட்டு கேட்கவே தெரிந்தது.

அப்புறம் 1984இல் நாகர்கோவிலிலேயே நிலையம் வந்தது, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். உங்கள் டின்னில் அதுவும் கலந்திருக்கலாம், பாருங்கள்.

என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. ரேடியோவுக்கு எதிரே டேப்ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது. நேயர் விருப்பத்தில் பெயர்களை வாசித்துக்கொண்டே வருகிறார்கள். பின்னால் அம்மா தேங்காய் துருவும் சத்தம். “ஸ்ஸ், கொஞ்சம் நிறுத்தும்மா” என்று அக்காவின் குரல். துருவல் நிற்கிறது. அக்காவின் பெயரும் ஊரும் வருகின்றன. அவள் மூச்சை இழுப்பது தெளிவாகக் கேட்கிறது. பாட்டு தொடங்குகிறது, துருவலும் தொடங்குகிறது. அம்மா இன்று இல்லை. அந்தப் பாட்டை எங்கே வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய அரை நிமிடம்.

உங்கள் வாப்பாவின் இருமல் ஒன்றாவது அந்த டின்னில் இருக்கும் என்று நம்புகிறேன்.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ரேடியோவை அப்படியே கரண்டில் செருகாதீர்கள். இத்தனை வருடத்தில் கண்டென்சர்கள் கெட்டிருக்கும், வால்வு செட் தெரிந்தவர் பார்க்கட்டும். கேசட்டின் முதுகு விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும், உடைத்துவிடுங்கள். கைதவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள். மற்றதை முன்னும் பின்னும் ஒருமுறை முழுதாகச் சுற்றிவிட்டுப் போடுங்கள். கணினியில் ஏற்றும்போது பாட்டை மட்டும் வெட்டி எடுக்கச் சொல்லாதீர்கள். கேசட் தொடங்கி முடியும்வரை அப்படியே ஏறட்டும், உறையில் வாப்பா எழுதியிருப்பதையும் படம் எடுத்து உடன் வையுங்கள்.

நாகர்கோவில் பக்கம் வந்தால் டின்னோடு வாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. நன்றாக ஓடுகிற டேப்ரெக்கார்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது.

அன்புடன்