விலை குறைந்த தேயிலைக்கு ஏன் அத்தனை கோபம்? – கடிதம்

வணக்கம் ஐயா,

அமெரிக்கப் புரட்சி பற்றி நீங்கள் எழுதியதில், பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட தேயிலை அதுவரை விற்றதைவிட மலிவானது என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எங்களுக்கெல்லாம் ‘அதிக வரி, அதனால் புரட்சி’ என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மலிவாகக் கிடைத்தால் வாங்கிக் குடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? பிழைப்பு போய்விடும் என்று பயந்த கடத்தல் வியாபாரிகள்தான் ஊரைத் தூண்டிவிட்டார்கள் என்று ஒரு பேச்சில் கேட்டேன். அவ்வளவுதானா விஷயம்?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கடத்தல்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் இருந்தது உண்மைதான். டச்சுத் தேயிலையைத் திருட்டுத்தனமாக இறக்கிக் காசு பார்த்தவர்கள் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நிறையப் பேர். ஆனால் கதையை அதோடு முடித்துவிட்டால், துறைமுகத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத உள்நாட்டு விவசாயி ஏன் கிளம்பினான் என்பது புரியாமல் போய்விடும்.

‘அதிக வரி’ என்பதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அமெரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த காலனிக்காரர்கள் கட்டிய வரி, இங்கிலாந்தில் இருந்தவர்கள் கட்டியதைவிட மிகக் குறைவு. பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் 13 கோடி பவுண்டு அளவுக்கு ஏறியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைக்கு ஆகிற செலவில் ஒரு பங்கை அங்கிருப்பவர்களும் கொடுக்கட்டும் என்று பிரதமர் கிரென்வில் நினைத்ததை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

வசூலித்த விதம்தான் வினையானது. ரம் காய்ச்சுகிற மொலாசஸுக்கு, அதாவது சர்க்கரைப்பாகுக்கு, 1733இலிருந்தே கேலனுக்கு 6 பென்ஸ் வரி இருந்தது; யாரும் கட்டவில்லை, சுங்க அதிகாரியின் கையில் எதையாவது வைத்துவிட்டுச் சரக்கை இறக்கிக்கொண்டார்கள். 1764இல் அதை 3 பென்ஸாகக் குறைத்தார்கள், அதாவது பாதி, ஆனால் இந்தமுறை கறாராக வசூலிப்போம், மாட்டுகிறவனை ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்தில் நிறுத்துவோம் என்றார்கள். வரி குறைந்தது, எரிச்சல் ஏறியது. அடுத்த ஆண்டு முத்திரைத்தாள் சட்டம். பத்திரம், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, தாயக்கட்டைவரை எல்லாவற்றுக்கும் முத்திரைக் கட்டணம். இது யாரையெல்லாம் தொட்டது பாருங்கள்: வக்கீல், அச்சகக்காரர், மதுக்கடைக்காரர். ஊரில் வாய் அதிகமுள்ள மூன்று கூட்டத்தையும் ஒரே சட்டத்தில் பகைத்துக்கொள்ள ஒரு தனித் திறமை வேண்டும். பாஸ்டனில் முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவப்பொம்மையை மரத்தில் தொங்கவிட்டு, சாயங்காலம் அவர் வீட்டு ஜன்னல்களையும் உடைத்தார்கள். மறுநாளே வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். 1766இல் லண்டன் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் சும்மா ரத்து செய்யவில்லை, எந்த விஷயத்திலும் உங்களுக்குச் சட்டம் போட எங்களுக்கு உரிமை உண்டு என்று கையோடு இன்னொரு சட்டமும் போட்டது.

அப்புறம் வந்ததுதான், என் கணக்கில், எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஆனால் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோய்விடுவார்கள். பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸ் காலனியில் கவர்னரை அனுப்புவது ராஜா, சம்பளம் கொடுப்பது உள்ளூர்ச் சட்டசபை. சம்பளத்தைப் பிடித்துவைத்தால் கவர்னர் இறங்கிவருவார். பல வருஷமாக அவர்கள் கையில் இருந்த ஒரே கடிவாளம் அது. 1767இல் டவுன்ஷெண்ட் என்ற நிதியமைச்சர் கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு வரி போட்டு, அந்தப் பணத்திலிருந்து கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்று வழி செய்தார். 1770இல் மற்ற வரிகளை எடுத்தும் தேயிலை வரியை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்தில் கவர்னர் ஹட்சின்சனின் சம்பளம் அந்த வரிப்பணத்திலிருந்தே வர ஆரம்பித்தது. நீதிபதிகளுக்கும் அப்படித்தான் என்று சேதி பரவியதும் பாஸ்டன் அரசியல்வாதி சாமுவேல் ஆடம்ஸ் கூட்டாளிகளோடு கடிதத் தொடர்புக் குழு தொடங்கி ஊர் ஊராக எழுத ஆரம்பித்தார்.

இப்போது உங்கள் மலிவுத் தேயிலைக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது திவாலாகிற நிலை. ஹைதர் அலி மெட்ராஸ் வாசல்வரை வந்த 1769இல் லண்டனில் அதன் பங்கு சரிந்தது, அடுத்த வருஷம் வங்காளத்தில் கொடும் பஞ்சம், லண்டன் கிடங்குகளில் சுமார் 1.7 கோடி ராத்தல் (பவுண்டு எடை) தேயிலை விற்காமல் கிடந்தது. கம்பெனியைத் தூக்கிவிட, நேராக அமெரிக்காவுக்கே அனுப்பி விற்கலாம், இங்கிலாந்தில் கட்டும் வரி கிடையாது என்று 1773இல் சட்டம் வந்தது. விலை இறங்கியது. ஆனால் ராத்தலுக்கு 3 பென்ஸ், அந்தப் பழைய டவுன்ஷெண்ட் வரி, அப்படியே நின்றது. வாங்கிக் குடிக்கிற ஒவ்வொரு கோப்பையும் கவர்னர் சம்பளத்துக்குப் போகிறது. போதாததற்கு பாஸ்டனில் தேயிலையை விற்கும் ஏஜெண்டுகளில் இரண்டு பேர் அதே ஹட்சின்சனின் மகன்கள்! டிசம்பர் 16 இரவில் 342 பெட்டிகள் கடலுக்குள் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதற்குத் தண்டனையாக லண்டன் அரசு பாஸ்டன் துறைமுகத்தை மூடியது, மாசசூசெட்ஸின் மேல்சபையை இனி ராஜாவே நியமிப்பார், ஊர்க்கூட்டம் வருஷத்துக்கு ஒன்றுதான், அதற்குமேல் கவர்னர் அனுமதி வேண்டும் என்றது. கடத்தல்காரர் கதை இங்கேதான் உதைக்கிறது. 1774 செப்டம்பர் 6ஆம் தேதி, கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் வூஸ்டர் என்ற ஊரில் நீதிமன்றம் கூடவேண்டிய நாள். சுற்றுவட்டாரத்தின் 37 ஊர்களிலிருந்து 4,622 பேர் வந்து தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடுவே நடந்து, புதிய சட்டத்தின்கீழ் வேலை பார்க்கமாட்டோம் என்று ஒவ்வொரு ஊர்க்காரர்கள் முன்னாலும் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அந்தக் கூட்டத்தில் தேயிலைக் கடத்தல்காரனைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.