ரைசன் 5 5600: புது கூலர் மாட்டியும் சூடு குறையவில்லை

புது கூலர் மாட்டிய பிறகும் உங்கள் கணினியின் ரைசன் 5 5600 செயலி (சிப்) சும்மா இருக்கும்போதே 70 டிகிரி, கேம் தொடங்கினால் 90 என்கிறீர்கள். இது 65 வாட் சிப். உங்கள் டவர் கூலர் தாராளமாகப் போதும். கூலரின் அடிப்பாகம் சிப்பில் சரியாகப் படியவில்லை என்றே நினைக்கிறேன்.

கழற்றும்போது கவனம். ஏஎம்4-இல் (இந்தச் சிப் பொருந்தும் சாக்கெட் வகை) பின்கள், அதாவது ஊசிக்கால்கள், சிப்பிலேயே இருப்பதால், நேராக இழுத்தால் சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்களும் வளையும். சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை இளக்குங்கள். பிறகு ஆஃப் செய்து, பவர் கேபிளை உருவிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பியபடி எடுங்கள்.

எடுத்ததும் முதலில் கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள் (பலரும் உரிக்க மறப்பதுதான்!). பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சிப்பின் நடுவில் பட்டாணி அளவு புதிது வையுங்கள். கூலரைத் திரும்ப மாட்டும்போது ஒரு திருகை மட்டும் முழுதாக முறுக்கினால் கூலர் ஒருபக்கம் சாயும். எதிரெதிர்த் திருகுகளை இரண்டிரண்டு சுற்றாக மாற்றி மாற்றி முறுக்குங்கள்.