எட்டி ராபின்சனின் 408

அன்புள்ள ஐயா,

உங்கள் விளையாட்டுக் கட்டுரைகளை விடாமல் படிப்பவன். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும், பந்தைக் கையில் எடுத்து ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தின் பயிற்சியாளர்களைப் பற்றி எழுதியபோது எட்டி ராபின்சனை எல்லோருக்கும் மேலே வைத்திருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். 408 வெற்றிகள் என்று போட்டிருக்கிறது. ஆனால் எல்லாமே லூசியானாவில் கிராம்ப்ளிங் என்கிற ஒரு சின்னக் கல்லூரிக்காக. மோதிய அணிகளும் அதே மாதிரி சின்னவை. பென் ஸ்டேட் கல்லூரியின் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ பெரிய அணிகளோடு மோதி 409 ஜெயித்திருக்கிறார். அலபாமா கல்லூரியின் 'பேர்' (கரடி) என்ற பட்டப்பெயர் கொண்ட பிரையன்ட் இருக்கிறார். இவர்களைவிட ராபின்சன் பெரியவர் என்பது கொஞ்சம் பரிவினால் வந்த தீர்ப்போ என்று பட்டது. அவ்வளவு திறமைசாலி என்றால் பெரிய கல்லூரி ஏதாவதற்குப் போயிருக்கலாமே? இந்த ஆட்டத்தைப் பார்க்க எங்கிருந்து ஆரம்பிப்பது என்றும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேட்க வேண்டிய கேள்விதான். ஏன் போகவில்லை என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் கறுப்பினத்தவர், யாரும் கூப்பிடவில்லை. பெரிய அணிகள் ஆடும் முதல் பிரிவில், வெள்ளையர் பெரும்பான்மையான கல்லூரி ஒன்றில் ஒரு கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளரானதே 1979இல்தான், விச்சிட்டா ஸ்டேட்டில், வில்லி ஜெஃப்ரிஸ். அப்போது ராபின்சனுக்கு வயது 60. அலபாமாவும் லூசியானா ஸ்டேட்டும் இருக்கிற தென்கிழக்கு கான்பரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் குழுவில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் நியமிக்கப்பட்டது 2003 டிசம்பரில். அதற்கு ஆறு வருடம் முன்பே ராபின்சன் ஓய்வு பெற்றுவிட்டார்.

அவர் வளர்ந்தது பேட்டன் ரூஜில், லூசியானா ஸ்டேட் இருக்கும் அதே ஊர். வெள்ளையருக்கு மட்டுமான அந்தக் கல்லூரி அவருக்குக் கிடையாது. அப்பா குத்தகை விவசாயி, அம்மா வீட்டு வேலை செய்தவர். லேலண்ட் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவராக) ஆடி, பட்டமும் வாங்கி, அப்புறம் ஒரு தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட் கூலிக்குப் போனார். 1941இல் இன்னொரு கறுப்பினக் கல்லூரியான கிராம்ப்ளிங்கில் வேலை கிடைத்தது. மாதம் 63 டாலர் 75 சென்ட். வயது 22.

கல்லூரிக்கு அப்போது லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் என்று பெயர். நம்மாட்கள் 'தடுத்து நில்லுங்கள்' என்று கல்லூரிப் பெயரை முழுதாகச் சொல்லிக் கத்தி முடிப்பதற்குள் எதிரணி புள்ளி எடுத்துவிடும் என்று ஒரு கதை சொல்வார்கள். 1946இல் பெயரைச் சுருக்கினார்கள்.

கோச் என்று பெயர்தானே ஒழிய அவருக்கு உதவிக்கு ஆள் இல்லை. மைதானத்துப் புல்லை அவரே வெட்டினார், கோடுகளை அவரே போட்டார். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவதும் அவர்தான். வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது பையன்களுக்கு சாண்ட்விச் செய்து கட்டிக்கொள்வார். தெற்கில் வழியில் இருக்கும் ஓட்டல்களில் அவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட மாட்டார்கள். அந்த நிலையில், இரண்டாவது வருடமான 1942இல் ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. எதிரணிகள் எடுத்த மொத்தப் புள்ளிகள் பூஜ்யம்.

போர் வந்து இரண்டு வருடம் கல்லூரி ஆட்டம் நின்றது. ராபின்சன் அங்கிருந்த உயர்நிலைப் பள்ளி அணியைப் பார்த்துக்கொண்டார். ஒரு தகப்பனார் பருத்தி எடுக்க ஆள் வேண்டும் என்று தன் பையன்களை அணியிலிருந்து நிறுத்திவிட்டார். ராபின்சன் மொத்த அணியையும் அந்தக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பருத்தி எடுக்கவைத்து, பையன்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு அவர் ஜெயித்த ஆட்டங்கள் பலவற்றைவிட இது பிடிக்கும்.

சின்ன அணிகள் என்கிறீர்கள். அந்தச் சின்ன அணிகளில் யார் ஆடினார்கள் என்று பாருங்கள். ஜாக்சன் ஸ்டேட்டுக்கு வால்டர் பேட்டன். மிசிசிப்பி வேலி ஸ்டேட்டுக்கு ஜெர்ரி ரைஸ். இருவரும் பின்னால் தொழில்முறைக் கால்பந்தின் பெரிய நட்சத்திரங்கள். இந்த இரண்டு அணிகளும் கிராம்ப்ளிங் இருந்த அதே கான்பரன்ஸில் வருடாவருடம் மோதியவை. ராபின்சனின் ஆட்களில் வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், பக் புக்கானன், சார்லி ஜாய்னர் என்று நான்கு பேர் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். புக்கானன் 1963இல் தொழில்முறை அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் புது ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். 200க்கும் மேற்பட்டவர்கள் கிராம்ப்ளிங்கிலிருந்து தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். மிகப் பெரிய கல்லூரிகளுக்கே இது பெருமையான கணக்கு.

இதில் ஒரு சங்கடமான உண்மை இருக்கிறது, உங்கள் கடிதம் அதன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. இவ்வளவு திறமை கிராம்ப்ளிங்குக்கு எப்படிக் கிடைத்தது? தெற்கிலிருந்த பெரிய வெள்ளைக் கல்லூரிகள் கறுப்பினப் பையன்களைச் சேர்க்காததால் கிடைத்தது. ராபின்சனிடமிருந்து பணம், மைதானம், தொலைக்காட்சி, அங்கீகாரம் எல்லாவற்றையும் பறித்த அதே பிரிவினைதான் ஆட்களை அவரிடம் அனுப்பியது. 1970 செப்டம்பரில் பிர்மிங்ஹாமில் தெற்குக் கலிபோர்னியா அணி பேர் பிரையன்டின் அலபாமாவை 42-21 என்று வீழ்த்தியது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின இளைஞன் 135 கஜம் ஓடினான். அந்த ஒரு ஆட்டம் தெற்கை மாற்றிவிட்டது என்பது கொஞ்சம் மிகைதான், அலபாமா அதற்கு முன்பே ஒரு கறுப்பின ஆட்டக்காரனைச் சேர்த்திருந்தது. ஆனால் அந்தச் சில வருடங்களில் கதவு திறந்தது. அதுவரை கிராம்ப்ளிங்குக்கும் ஜாக்சன் ஸ்டேட்டுக்கும் போன பையன்கள் அலபாமாவுக்கும் லூசியானா ஸ்டேட்டுக்கும் போக ஆரம்பித்தார்கள். பிரையன்டின் கடைசிப் பத்து வருட வெற்றிகளில் இதற்குப் பங்கு உண்டு. ராபின்சன் வாழ்நாளெல்லாம் விரும்பிய மாற்றம்தான், அதற்கான விலையைக் கொடுத்தது அவர் அணி. ஒரேயடியாகச் சரிந்துவிடவில்லை, 1994இலும் கான்பரன்ஸ் பட்டம் வாங்கினார். அதனால்தான் 408ஐயும் பிரையன்டின் 323ஐயும் ஒரே அட்டவணையில் மேலும் கீழுமாக அடுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பட்டர்னோவின் 409க்கும் ஒரு கதை உண்டு. அது 2011 அக்டோபரில் வந்தது. சில நாட்களில் அவருடைய முன்னாள் உதவிப் பயிற்சியாளர் சிறுவர்களிடம் செய்த கொடுமைகள் வெளியே வந்து, பட்டர்னோ பதவி நீக்கப்பட்டார். 2012இல் 111 வெற்றிகளை அழித்து 298 ஆக்கினார்கள், 2015இல் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் 2007இலேயே இறந்துவிட்ட ராபின்சன் முதல் பிரிவுப் பட்டியலில் மறுபடி முதலிடத்துக்கு வந்து, மறுபடி இறங்கினார். மினசோட்டாவில் கீழ்ப் பிரிவில் ஆடும் ஒரு சின்னக் கல்லூரியின் ஜான் கக்லியார்டி 489 ஜெயித்திருக்கிறார், அவரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

நான் ராபின்சனை மேலே வைப்பது குவார்ட்டர்பேக் விஷயத்துக்காக. ஆட்டத்தை நடத்துகிற மூளை அந்த இடம். கறுப்பின ஆட்டக்காரர் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும், தொழில்முறை அணிக்குப் போனால் ஓடச் சொல்வார்கள், பந்து பிடிக்கச் சொல்வார்கள், யோசிக்கிற இடத்தைத் தர மாட்டார்கள். ராபின்சன் அந்த இடத்துக்கென்றே ஆட்களைத் தயார் செய்தார். ஜேம்ஸ் ஹாரிஸ் 1969இல் பஃபலோ அணிக்குப் போய் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக்காக இறங்கினார். அடுத்து டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரியில் சான் டியாகோவில் சூப்பர் பவுல், தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப்போட்டி. டென்வருக்கு எதிராக வில்லியம்ஸின் வாஷிங்டன் அணி முதல் கால்பகுதியில் 10-0 என்று பின்தங்கியிருந்தது, வில்லியம்ஸின் முழங்காலும் முறுக்கிக்கொண்டது. இரண்டாவது கால்பகுதியில் நான்கு டச் டவுன் பாஸ் (எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கவைக்கும் எறிதல்) எறிந்தார். அந்தப் பதினைந்து நிமிட ஆட்டத்தில் வாஷிங்டன் 35 புள்ளிகள். முடிவு 42-10. சூப்பர் பவுல் ஜெயித்த முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. 1967இல் கிராம்ப்ளிங் மாணவர்களே படிப்பைவிட விளையாட்டுக்கு அதிக இடம் கொடுக்கிறார்கள் என்று போராடினார்கள். அதில் நியாயம் இருந்தது. ராபின்சன் தெருவில் இறங்கிப் போராடிய ஆளும் இல்லை. நாட்டின் மேல் அசைக்க முடியாத பற்று வைத்திருந்தார், இளைஞர்கள் சிலருக்கு அது எரிச்சலாக இருந்தது. கடைசி மூன்று வருடமும் தோற்றது அதிகம், விதிமீறல் விசாரணை வேறு. 1996லேயே அனுப்பிவிடப் பார்த்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதால் இன்னொரு வருடம் கொடுத்தார்கள். போக வேண்டிய நேரத்தில் போகத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். தன்னுடைய உண்மையான சாதனை ஒரே வேலை, ஒரே மனைவி என்று சொல்லிக்கொண்டவருக்கு அந்த வேலையை விடுவது லேசாக இருந்திருக்காது. அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர் டக் வில்லியம்ஸ்.

பார்க்க எங்கிருந்து ஆரம்பிப்பது என்றீர்கள். நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை, நியூ ஆர்லியன்ஸில் கிராம்ப்ளிங்கும் சதர்ன் என்ற இன்னொரு கறுப்பினக் கல்லூரியும் மோதும் பேயூ கிளாசிக்கைப் பாருங்கள். 1997இல் ராபின்சனின் கடைசி ஆட்டமும் அதுதான், 30-7 என்று தோற்றார். விதிமுறை புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும், இடைவேளையில் காபி போட எழுந்து போய்விடாதீர்கள். இரண்டு கல்லூரிகளின் பேண்டு வாத்தியக் குழுக்களும் இறங்கும் நேரம் அது, பாதிக் கூட்டம் அதற்காகவே வருகிறது. 1967இல் நடந்த முதல் சூப்பர் பவுலின் இடைவேளையில் வாசித்த பேண்டுகளில் கிராம்ப்ளிங்கினுடையதும் ஒன்று.